பதினைந்தாம் தேதியின் ஆறாவது வரி

பயம் வந்தால் சிலருக்கு வாயடைத்துப் போகும். எனக்கு நேர்மாறு. பயம் ஏற ஏற வாய் நீண்டுகொண்டே போகும். அன்று மாலை நான்கு மணிக்கு அந்த நாளிதழ் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் கால் வைத்ததிலிருந்து நான் வாயை மூடவே இல்லை என்று அத்தான் பிற்பாடு என் அக்காவிடம் சொன்னார். என் நிலைமை அதிலிருந்தே புரியும்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் விபத்துகளை விசாரித்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறிய வந்தவர். நான் அவருடைய உதவியாளன். மூன்று வேலைகள் கைவிட்ட தம்பியை வீட்டில் உட்கார வைத்துச் சோறு போடுவதைவிட, கணவரோடு அலைய விடலாம் என்பது அக்காவின் ஏற்பாடு.

எங்களைக் கூப்பிட்டவர் அந்த அறையின் நடுவில் இருந்த மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். அந்த நாளிதழில் தினமும் வரும் 'இதே நாளில்' பகுதியைத் தொகுப்பவர். எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று உலகத்தில் என்ன நடந்தது என்று ஐந்து வரி எழுதிவிடுவாராம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் தேதியம்மா.

"இதைப் பாருங்க சார்," என்று ஒரு தாளை நீட்டினார். தாள் படபடவென்று ஆடியது. மின்விசிறி ஓடவில்லை.

அது மறுநாள் பக்கத்தின் புரூஃப், அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி. அத்தான் மேசையில் விரித்தார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

இதே நாளில் – ஏப்ரல் 15

1452: ஓவியர் லியனார்டோ டாவின்சி பிறந்தார்.

1865: அமெரிக்க அதிபர் ஆப்ரகாம் லிங்கன் இறந்தார்.

1912: டைட்டானிக் கப்பல் கடலில் மூழ்கியது.

1923: நீரிழிவுக்கான இன்சுலின் மருந்து பரவலாக விற்பனைக்கு வந்தது.

34 ஆண்டுகளுக்கு முன்: நம் நகரில் சிக்னல்மேன் தூங்கியதால் இரு ரயில்கள் மோதின. 19 பேர் பலி.

இந்த ஆண்டு: 'இதே நாளில்' தொகுப்பாளர் அலுவலகப் படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்தார்.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

"நாளைக்கு நடக்கப்போறதை இன்னிக்கே போடுறாங்களே. போட்டிப் பத்திரிகைக்காரங்க வயிறு எரியப் போறாங்க," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் என் காலை மிதித்தார்.

"முதல் அஞ்சு வரிதான் நான் எழுதினது," என்றார் தேதியம்மா. "ஆறாவது வரி எப்படி வந்துச்சுன்னு தெரியல. மூணு நாளா இப்படித்தான். பதிமூணாம் தேதி பக்கத்துல, 'இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்: தொகுப்பாளர் இந்த வேலையில் சேர்ந்தார்'னு இருந்துச்சு. யாரோ விளையாடுறாங்கன்னு நினைச்சு அடிச்சுட்டேன். பதினாலாம் தேதி பக்கத்துல, 'சென்ற ஆண்டு: தொகுப்பாளர் ஒரு முதியவரைத் திருப்பி அனுப்பினார்'னு இருந்துச்சு. அதையும் அடிச்சேன். இன்னிக்கு இது."

"நீங்க அந்த வருஷம் இதே பதிமூணாம் தேதிதான் வேலைக்குச் சேர்ந்தீங்களா?"

"ஆமா சார். எங்க வீட்டுக்காரருக்கே அது ஞாபகம் இருக்காது, ஆபீஸ் ரிஜிஸ்டர்லதான் இருக்கும். எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி கண்ணை மூடினா யாரோ என் பின்னாடி படியிறங்குற மாதிரியே இருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். பெட்டிகள்தான் இருந்தன. நான்கு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை இரும்புத் தட்டுகள், தட்டு நிறைய அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தாறு.

"பிப்ரவரி இருபத்தொன்பது பெட்டியைப் பாருங்க அத்தான், எவ்வளவு ஒல்லி. நாலு வருஷத்துக்கு ஒரு நாள் வேலை. அந்தப் பெட்டியா பொறந்திருக்கலாம்."

"இப்ப மட்டும் என்ன செய்யிற?" என்றார் அத்தான், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்மா, எப்படி வேலை செய்வீங்கன்னு சொல்லுங்க. ஒரு படி விடாம."

அவர் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது; தெரிந்த வேலையைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் அப்படித்தான். பழைய நாளிதழ்களிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் வெட்டியவை அந்தந்தத் தேதிப் பெட்டியில் கிடக்கும். மறுநாள் தேதிப் பெட்டியை எடுத்து, போன வருஷம் வந்ததைப் பார்த்து, ஒன்றிரண்டை மாற்றி, மற்றதை அப்படியே எழுதிக் கீழே அனுப்புவார். இரண்டாவது மாடியில் பக்கம் போடுவார்கள். புரூஃப் ரீடர் திருத்திய புரூஃப் மேலே வரும். ஐந்தரை மணிக்குத் தேதியம்மா கையெழுத்துப் போட்டு, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பார். பின்பக்கம் ஓர் இரும்புப் படிக்கட்டு உண்டு. அதில் இறங்கினால் நேரே புரூஃப் அறை வாசல்.

"அந்தப் படியில வேற யாரெல்லாம் வருவாங்க?"

"நானும் புரூஃப் ரீடரும்தான். மத்தவங்க முன்பக்கம் லிஃப்டுல போவாங்க."

"அப்ப விழுறதுக்கு ஏத்த இடம்தான்," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அத்தான் புரூஃபை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். சிவப்புப் பென்சில் திருத்தங்கள் அங்கங்கே இருந்தன. ஓவியர் வரியில் ஓர் எழுத்து, கப்பல் வரியில் ஒரு புள்ளி, மருந்து வரியில் ஓர் இடைவெளி. ரயில் வரிக்குப் பக்கத்தில் திருத்தம் எதுவும் இல்லை, ஒரு சிறு ஓட்டை மட்டும். ஜன்னல் வெளிச்சம் அதன் வழியே அத்தானின் கன்னத்தில் விழுந்தது.

"கரப்பான் கடிச்சிருக்கு," என்றேன்.

"கரப்பானுக்கு சிவப்புப் பல்லா?" என்றார் அத்தான். ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு அப்பியிருந்தது.

அப்போது வாசலில் காலடி கேட்டது. நான் துள்ளிய துள்ளலில் ஒரு மார்ச் மாதம் சரிந்து கீழே விழுந்தது.

வந்தவர் ஒரு பெண். நாற்பது வயது, ஒல்லி, காதில் சிவப்புப் பென்சில். தேதியம்மாவிடம் நேரே போய் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"இன்னும் நடுங்குதா அக்கா? தண்ணி குடிச்சீங்களா?"

"இவங்கதான் புரூஃப் ரீடர்," என்றார் தேதியம்மா. "வந்து எட்டு மாசம்தான் ஆகுது. மூணு நாளும் அந்த வரியை முதல்ல பார்த்து என்கிட்ட ஓடி வந்தது இவங்கதான். இவங்க மட்டும் இல்லேன்னா அது அச்சாகியே போயிருக்கும்."

அந்தப் பெண் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். முன்பக்கத்திலிருந்து வேகமாக நடந்து வந்ததில் லேசாக மூச்சு வாங்கியது. "பக்கம் சீக்கிரம் போகணும்னு சொல்றாங்க. அஞ்சரைக்கு வழக்கம் போலக் கொண்டு வந்துடுங்க அக்கா. பயப்படாதீங்க, நாளைக்கு லீவு போட்டுட்டு வீட்டுலயே இருங்க." வந்த வழியே முன்பக்கமாகப் போய்விட்டார்.

"நல்ல பொண்ணு," என்றார் தேதியம்மா. நானும் தலையாட்டினேன். அந்த அறையில் பயத்தைக் குறைக்கும்படி பேசியவர் அவர் ஒருத்தர்தான்.

அத்தான் கேட்டார்: "போன வருஷம் பதினாலாம் தேதி யாரையோ திருப்பி அனுப்பினதா எழுதியிருக்காங்களே. யாரு?"

"யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். ஞாபகமே இல்லை சார்."

"எனக்கு இருக்கு," என்றது ஒரு குரல், தட்டுகளுக்குப் பின்னாலிருந்து.

நான் அத்தானின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். தட்டுகளின் இடுக்கிலிருந்து ஒரு மனிதர் வெளியே வந்தார். தலை, மீசை, சட்டை எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பழைய நாளிதழ்த் தொகுதிகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவரைத் தூசி என்று கூப்பிடுகிறார்கள். ஏன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இவ்வளவு நேரம் அங்கயா இருந்தீங்க?" என்றேன்.

"இருபத்தேழு வருஷமா இங்கதான் இருக்கேன் தம்பி," என்றார் அவர். பிறகு தேதியம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாசம் இல்லை. "ஒரு பெரியவர் வந்தாரும்மா. தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னார். நாளைக்கு ரயில் வரியைப் போடாதீங்க, அது தப்புன்னு சொன்னார். நீங்க தலையை நிமிர்த்தாமலே, 'ஃபைல்ல இருக்கிறதுதாங்க வரும்'னு சொன்னீங்க. வேலை நேரம்னு சொன்னீங்க. அவர் பின்பக்கப் படியில இறங்கிப் போனார். பாதியில விழுந்துட்டார். நாலு பேரு தூக்கிட்டுப் போனோம்."

"விழுந்தாரா? எனக்கு யாரும் சொல்லலையே."

"நீங்க கேட்கலையே."

தேதியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் தூசியையே பார்த்தேன். இந்த ஆள்தான் என்று எனக்குச் சந்தேகமறத் தோன்றியது. எந்த நேரமும் அங்கேயே இருக்கிறார், சத்தம் இல்லாமல் நடக்கிறார், கோபம் வேறு இருக்கிறது. அத்தானிடம் கண்ணால் சைகை காட்டினேன்.

"கண்ணுல என்ன, தூசியா?" என்றார் அத்தான். பிறகு அவரிடம், "அந்த ரயில் விபத்து வந்த பேப்பர் இருக்கா?"

"வால்யூம் இருக்கு. அடித்தட்டு. எடுக்க நேரமாகும்."

"எடுங்க."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபத்தெட்டு. கீழேயிருந்து தொலைபேசி அடித்தது. பக்கம் இன்னும் வரவில்லையாம். தேதியம்மா ஆறாவது வரியை அழுத்தி அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுந்து நின்றவர், பின்பக்கக் கதவைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியல சார். கால் வரமாட்டேங்குது."

"நீங்க போக வேணாம்மா," என்றார் அத்தான். "மச்சான் கொண்டுபோய்க் கொடுப்பான்."

"நானா?"

"வரியில போட்டிருக்கிற தேதி பதினஞ்சு. இன்னிக்குப் பதினாலு. தவிர, எழுதியிருக்கிறது தொகுப்பாளர்னு. உன்னை யாரு தொகுப்பாளர்னு நினைப்பாங்க?"

என் அக்கா இதைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

பின்பக்கக் கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி இறங்கும் இரும்புப் படிக்கட்டு அது. படிக்கும் படிக்கும் நடுவே வெறும் இடைவெளி. அதன் வழியே கீழே முற்றம் தெரிந்தது. முற்றத்தில் அச்சுக் காகித உருளைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் கட்டைவிரல் உயரத்தில் தெரிந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. பகல் வெளிச்சத்தில் பயப்படுவது இன்னும் கேவலமாக இருந்தது, ஆனாலும் பயந்தேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எண்ணியபடி இறங்கினேன். ஒன்று. இரண்டு. இரும்பு ஒவ்வொரு படியிலும் முனகியது. நான்கு. இன்று பதினான்குதான், நாளைதான் பதினைந்து என்று சொல்லிக்கொண்டேன். ஆறு. பெரியவர் பாதியில் விழுந்தார் என்றாரே, எது பாதி? ஏழு. ஜோக் எதுவும் வரவில்லை. எட்டு. என் வாழ்க்கையில் முதல்முறையாக என் வாய் மூடியிருந்தது.

அடுத்த படிக்குக் காலைத் தூக்கினேன்.

"நில்லுங்க."

கீழே இரண்டாவது மாடி வாசலில் புரூஃப் ரீடர் நின்றிருந்தார். மேலே அண்ணாந்து பார்த்த முகம் வெளிறிக் கிடந்தது.

"அந்தப் படியில கால் வைக்காதீங்க. காலை எடுங்க. மெதுவா. மேலே போயிடுங்க."

ஒரு கால் அந்தரத்தில் இருந்தது. எப்படிப் பின்னுக்கு இழுத்தேன் என்று தெரியாது. எட்டாவது படியில் அப்படியே உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டேன். ஒன்பதாவது படி பார்வைக்கு மற்றப் படிகளைப் போலத்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன். மற்றப் படிகளுக்கெல்லாம் பக்கத்துக்கு இரண்டு போல்ட். அதற்கு மட்டும் நான்கு ஓட்டைகள், நான்கும் காலி. படி சும்மா உட்கார்ந்திருந்தது.

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அந்தப் பெண் கேட்டார்.

"அக்கா எங்க? ஏன் அக்கா வரலை?"

அந்தக் குரலில் கவலை இல்லை. எதிர்பார்த்த ஆள் வராததால் வந்த கேள்வி அது. எந்தப் படி என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலே கதவு தடாலென்று திறந்தது. "மச்சான், இறங்காத," என்று அத்தான் கத்தினார். "இன்னிக்குத்தான். நாளைக்கு இல்லை, இன்னிக்கு."

"தெரியும் அத்தான்," என்றேன். அழுகை வந்தது. அழுதேன்.

* * *

லிஃப்டில் சுற்றிக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் போனோம். அந்தப் பெண் ஓடியிருப்பார் என்று நினைத்தேன். அவர் தன் மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு ஸ்பேனரும் நான்கு போல்ட்களும், பேப்பர் வெயிட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. தேதியம்மா தூசியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

அத்தான் அந்தக் கனமான பழைய வால்யூமை மேசையில் வைத்தார்.

"என் மச்சானைப் படியில அனுப்பினது என் தப்பு," என்றார். "முதல்லயே புரிஞ்சிருக்கணும். அந்தப் பக்கத்துல இருக்கிற வரிகளே சொல்லிச்சு. லிங்கன் செத்தது பதினஞ்சு. ஆனா அவரைச் சுட்டது பதினாலு ராத்திரி. கப்பல் மூழ்கினது பதினஞ்சு. பனிப்பாறையில மோதினது பதினாலு. இந்த ரயில் செய்தியும் பதினஞ்சாம் தேதி பேப்பர்லதான் இருக்கு. ஆனா முதல் வரியே, 'நேற்று மாலை 5.40 மணிக்கு'ன்னு ஆரம்பிக்குது. இந்தப் பக்கத்துல எல்லாச் சாவுக்கும் அடி விழுந்தது முந்தின நாள். நாளைய பேப்பர்ல 'இறந்தார்'னு போடணும்னா, இன்னிக்குத்தான் விழணும்."

"என்னை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண், சாதாரணமாக.

"ஒரு கமாவைக்கூட விடாத பென்சில், ஆறாவது வரியில ஒரு கேள்விக்குறிகூடப் போடலை. திருத்தம்னு சொல்லிப் பக்கத்துல ஒரு வரி சேர்க்கவும் உங்களாலதான் முடியும். ரயில் வரியில மட்டும் தாளே கிழியிற அளவுக்குக் குத்தியிருந்துச்சு. அப்புறம், இதோ இருக்கு படிக்கட்டு, பதினேழு படி. ஆனா நீங்க மேலே வந்தது மூச்சு வாங்க முன்பக்கமா சுத்தி. போனதும் அப்படியே. ஏன்னு கேட்டுக்கிட்டேன். கொஞ்சம் லேட்டாக் கேட்டுக்கிட்டேன்."

நான் சொன்னேன்: "ரொம்ப லேட்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க தம்பி. பேண்ட் தெரிஞ்சதும்தான் அக்கா இல்லைன்னு புரிஞ்சுது." பிறகு வாசலைப் பார்த்தார். "அவர் எங்க அப்பா. சிக்னல்மேன். தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு உங்க முன்னாடி நின்னவர். பதினாலாம் தேதி விழுந்து, பதினஞ்சாம் தேதி விடிகாலையில செத்துப் போனார். அன்னிக்குக் காலையில வந்த பேப்பர்லயும் அந்த வரி இருந்துச்சு."

பக்கத்து அறையில் யாரோ ஒரு தலைப்பை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர் தூங்கலை," என்றார் அந்தப் பெண். "சிக்னல் கம்பி அறுந்திருந்துச்சு. விசாரணையில சொன்னாங்க. உங்க பேப்பர்லயே வந்துச்சு. ஏழு மாசம் கழிச்சு, நவம்பர் மூணாம் தேதி, ஏழாம் பக்கம், கடைசிப் பத்தி, கீழே. ரெண்டு விரல்கடை அளவு."

தூசி வெளியே போனார். லிஃப்ட் மேலே போய்க் கீழே வரும் நேரத்தில் ஓர் அட்டைப்பெட்டியோடு திரும்பினார். நவம்பர் மூன்று. அடியிலிருந்து ஒரு பழுப்புத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அந்தப் பெண் சொன்ன அளவுதான் இருந்தது. முப்பத்துமூன்று வருஷத்துக்கு மேலாக அது அந்தப் பெட்டியில் இருந்திருக்கிறது. குற்றச்சாட்டு ஏப்ரல் பதினைந்தாம் தேதிப் பெட்டியில் இருந்திருக்கிறது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இருநூறு பெட்டிகள்.

தேதியம்மா அந்தத் துண்டைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு யாரும் சொல்லாமலே மேசைக்கு வந்து, அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தார். ஸ்பேனர் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. சத்தமில்லாமல் அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"வேலையில சேர்ந்த ரெண்டாம் நாள்," என்றார் தேதியம்மா. "பதினஞ்சாம் தேதிப் பெட்டி காலியா இருந்துச்சு. நம்ம ஊர்ச் செய்தி ஒண்ணாவது வேணும்னு இந்த வால்யூமைப் புரட்டினேன். தலைப்பை மட்டும் பார்த்து எழுதிட்டேன். ஒரு நாள் முன்னாடி தள்ளணும்னுகூட அப்ப எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம், போன வருஷத்துல இருந்ததை எழுதினேன். அதுக்கடுத்த வருஷம் அதைப் பார்த்து எழுதினேன்."

"அப்பா பதினோரு கடிதம் போட்டார்."

"என் கைக்கு வரலை."

"தெரியும். அதனாலதான் நேர்ல வந்தார்."

தேதியம்மா அழுதார். அந்தப் பெண் அழவில்லை. அத்தான் என்னிடம் மெல்ல, "போலீசுக்குச் சொல்லணும்," என்றார். அது அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது.

"சொல்லுங்க சார். நான் எங்கயும் போகலை. பக்கம் மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டு வர்றேன். நேரமாயிடுச்சு."

தேதியம்மா புரூஃபைத் தன் பக்கம் இழுத்தார். ரயில் வரியை முழுவதுமாக அடித்தார். ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். எழுத்து கோணிக்கொண்டு போனது. நான் தலைகீழாகவே படித்தேன்.

'34 ஆண்டுகளுக்கு முன், 14ஆம் தேதி மாலை, நம் நகரில் சிக்னல் கம்பி அறுந்ததால் இரு ரயில்கள் மோதின. 19 பேர் பலி. சிக்னல்மேன் மீது எந்தத் தவறும் இல்லை என்று விசாரணையில் தெரியவந்தது. இந்தப் பகுதி 22 முறை இதைத் தவறாக வெளியிட்டது. தவறு தொகுப்பாளருடையது.'

"இது பதினாலாம் தேதியில வரவேண்டியது," என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பதினாலாம் தேதி பேப்பர் இன்னிக்குக் காலையிலேயே போயிடுச்சு. அடுத்த வருஷம் சரியான நாள்ல போடுறேன். நான் இங்க இருந்தா."

தாளை மேசையின் குறுக்கே நகர்த்தினார்.

அந்தப் பெண் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். என் கை தானாகப் பையிலிருந்த ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டது. அவர் குனிந்து ஒவ்வொரு சொல்லாகப் பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஓரிடத்தில் நுனி நின்றது. 22 என்பதை அடித்து, 21 என்று எழுதினார்.

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சேம்மா," என்றார் தேதியம்மா, மெதுவாக. "எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன்."

"ஒரு வருஷம் அச்சகத்துல ஸ்டிரைக். பதினஞ்சாம் தேதி பேப்பர் வரலை. மத்த வருஷமெல்லாம் அன்னிக்கு அப்பா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அந்த வருஷம் மட்டும் காலையில ஷேவ் பண்ணிக்கிட்டு, கடைத்தெருவுக்கு நடந்து போய், பழம் வாங்கிட்டு வந்தார்."

தேதியம்மா பேனாவை எடுத்து, அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.